தனி நிலையமும் தனி மேசையும்

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் புகார் கொடுக்கத் துணிந்தால், முதலில் போவது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்குத்தான். அங்கே அவளுக்கு ஒரு பதில் கிடைக்கலாம்: "இது குடும்பத் தகராறும்மா, மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க." மகளிர் நிலையம் என்பது பல காவல் நிலைய எல்லைகளுக்கும் சேர்த்து ஒன்றாக இருப்பது. அங்கே போக பஸ் அல்லது ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். ஒருநாள் கூலியை விட வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே இருப்பவர்கள் பெண்கள். காது கொடுத்துக் கேட்க வாய்ப்பு அதிகம். போகாமல் வீடு திரும்பிவிட்டால் அவள் புகார் எந்தக் கணக்கிலும் ஏறாது.

பெண்ணின் புகாரைக் கேட்கத் தனி நிலையம் வேண்டுமா, அல்லது இருக்கிற நிலையத்துக்குள்ளேயே தனி மேசை போதுமா? தமிழ்நாடு 1992-ல் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. மத்தியப் பிரதேசம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு எனக்குள்ள காரணம், எந்த மாநிலம் பெண்களுக்கு நல்லது செய்தது என்று தீர்ப்புச் சொல்வது அல்ல. ஓரிடத்தில் திட்டம் முதலில் வந்தது, ஆய்வு பின்னால் வந்தது. இன்னோரிடத்தில் இரண்டும் ஒன்றாகவே புறப்பட்டன. இந்த வேறுபாடு என்ன விளைவைத் தந்தது என்பதை, பெரும்பாக்கத்தையும் உள்ளடக்கிய தாம்பரம் காவல் ஆணையரகப் பகுதியில் வாழ்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள், அவ்வளவுதான் தொடக்கம். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, சென்னை ஆயிரம்விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் இப்படி 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. தாம்பரத்திலும் சேலையூரிலும் இருக்கின்றன. இந்தியாவில் இத்தனை ஆழமாக இந்த ஏற்பாட்டை வேரூன்றச் செய்த மாநிலம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இது நிர்வாக முடிவாக விரிந்ததே தவிர, சோதனையாக விரியவில்லை. எந்த ஊரில் முதலில் திறப்பது, எதில் பிறகு திறப்பது என்பதை அரசாணைகளும் நிதிநிலையும் அரசியல் தேவைகளும் தீர்மானித்தன. திறப்பதற்கு முன் அந்தப் பகுதியில் எத்தனை பெண்கள் புகாரோடு வந்தார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எண்ணி வைத்தால்தான் திறந்த பிறகு என்ன மாறியது என்று சொல்ல முடியும். இதில் எனக்கு வருத்தம் தரும் தற்செயல் ஒன்று உண்டு. ஆயிரம்விளக்கு நிலையம் திறந்த அதே 1992-ல்தான், அதே சென்னையில், சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையைச் சார்ந்து இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் உருவானது. குற்றவாளியைப் பற்றி மட்டுமே பேசிவந்த துறையைக் குற்றத்துக்கு ஆளானவரின் பக்கம் திருப்பிய அறிஞர்களில் பேராசிரியர் கே. சொக்கலிங்கம் முக்கியமானவர். இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-லிருந்தே அதே பல்கலைக்கழகத் துறையை மையமாகக் கொண்டு இயங்கியது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக ஒரு நிலையம். பாதிக்கப்பட்டவருக்காக ஓர் அறிஞர் சங்கம். சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே ஆண்டில் பிறந்த இவை இரண்டையும் ஒரே திட்டமாகக் கோத்திருக்கலாம்.

ஆய்வே நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது. நியூயார்க் ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரிப் பேராசிரியர் மங்கை நடராஜன் 1990-கள் முதலே தமிழகப் பெண் காவலர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 2008-ல் அதை ஒரு நூலாகவும் வெளியிட்டார். அவருடைய முடிவு சுவையானது. தனி மகளிர் நிலையம் பெண் காவலரை ஒதுக்கி வைத்துவிடும் என்று பெண்ணியர் பலர் அஞ்சிய காலத்தில், சமத்துவத்துக்கு இது ஒரு பின்வாசல் என்று அவர் வாதிட்டார். ஆண்கள் நிறைந்த நிலையத்தில் வரவேற்பு மேசையிலும் காவலிலும் முடங்கியிருக்கக்கூடிய பெண், மகளிர் நிலையத்தில் விசாரிக்கிறார், முடிவெடுக்கிறார், கட்டளையிடுகிறார். அந்தத் துணிவோடு பிறகு பொது நிலையத்துக்கும் போக முடியும் என்பது அவர் வாதம். பெண் காவலர்களின் நிலையை நன்றாக விளக்கும் ஆய்வு இது. ஆனால் புகார் கொடுக்க வந்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு, திட்டத்தோடு கூடவே பிறக்காத ஆய்வு ஓரளவுதான் விடை சொல்ல முடியும்.

பின்னால் வந்த பொருளியல், அரசியல் ஆய்வாளர்கள் புள்ளிவிவரங்களை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். முடிவுகள் முரண்படுகின்றன. சோபியா அமரால், சோனியா பாலோத்ரா, நிஷித் பிரகாஷ் ஆகியோர் இந்திய நகரங்களில் மகளிர் நிலையங்கள் திறக்கப்பட்ட காலத்தை வைத்துப் பார்த்தபோது, பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு, குறிப்பாகக் குடும்ப வன்முறைப் பதிவு, கூடியிருந்தது. ஹரியானாவில் 2015-ல் மாவட்டந்தோறும் மகளிர் நிலையம் திறந்ததை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸல் 2020-ல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொன்னது. தனி நிலையம் வந்த பிறகு பொது நிலையத்துக்காரர்கள் பெண் சார்ந்த புகார் எதையும் அங்கே தள்ளிவிட ஒரு நியாயம் கிடைத்தது. பெண்கள் கூடுதல் தூரம் அலைய வேண்டியிருந்தது என்றார் அவர். பெரும்பாக்கத்துப் பெண்ணைப் பற்றி மேலே எழுதியது ஹரியானாவில் ஆய்வு முடிவாகவே வந்திருக்கிறது. தாம்பரத்திலும் இப்படித்தானா என்று யாரும் எண்ணிப் பார்த்து எழுதிய கட்டுரை என் கண்ணில் பட்டதில்லை.

இனி மத்தியப் பிரதேசம். பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு அடிக்கடி செய்தியில் அடிபடும் மாநிலம். பெண் காவலர் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில்கூட வர முடியாதது. அங்கே காவல்துறையும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சந்தீப் சுக்தங்கர், கேப்ரியல் க்ரூக்ஸ்-விஸ்னர், ஆக்ஸ்போர்டின் அக்ஷய் மங்களா ஆகியோரும் ஜே-பால் ஆய்வு அமைப்பின் துணையோடு கைகோத்தார்கள். 12 மாவட்டங்களில் 180 காவல் நிலையங்கள். அவற்றின் எல்லைக்குள் வாழ்ந்த மக்கள் 2 கோடியே 34 லட்சம். நிலையங்களைக் குலுக்கல் முறையில் ஏறக்குறைய சமமான மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவில் மகளிர் உதவி மேசை அமைத்தார்கள்: பெண் உட்கார்ந்து பேசத் தனி இடம், காவலருக்குப் பயிற்சி, புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை, ஊரிலுள்ள பெண்கள் அமைப்புகளோடு தொடர்பு. இரண்டாம் குழுவில் இவை எல்லாவற்றோடு மேசைக்குப் பொறுப்பாக ஒரு பெண் அதிகாரியையும் அமர்த்தினார்கள். மூன்றாம் குழு வழக்கம்போல இயங்கியது. எது எங்கே என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், பிறகு தெரிந்த வேறுபாட்டுக்கு மேசையைத் தவிர வேறு காரணம் சொல்ல இடமில்லை.

முடிவுகள் 2022-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்தன. மேசை இருந்த நிலையங்களில் பெண்களுக்கு எதிரான வன்முறைப் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. பெண் அதிகாரி பொறுப்பிலிருந்த மேசைகளில் இந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கைதுகள் கூடவில்லை. இதையும் அவர்கள் மறைக்காமல் கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதினார்கள்; ஆணாதிக்கச் சூழலில் நீதி அமைப்பின் சீர்திருத்தத்துக்கு உள்ள எல்லையை இது காட்டுகிறது என்றார்கள். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 2021-ல், மாநிலம் 'ஊர்ஜா' என்ற பெயரில் 700 காவல் நிலையங்களுக்கு மேசையை விரித்துவிட்டது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 2000-களின் நடுவில் ராஜஸ்தானில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 11 மாவட்டங்களின் 162 நிலையங்களில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். அந்தக் குழுவில் நினா சிங் என்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் ஆய்வாளராகவே இருந்தார். புகார்தாரர் போல நடித்து நிலையத்துக்குப் போகும் ஆள்களை அனுப்பி, எஃப்.ஐ.ஆர். போடுகிறார்களா என்று பார்த்தார்கள். காவலருக்குப் பயிற்சி தந்ததும், அடிக்கடி இடம் மாற்றாமல் வைத்ததும் பலன் தந்தன. ஊர்மக்களைப் பார்வையாளராக நிலையத்தில் உட்கார வைத்ததும், வாரவிடுப்பும் சுழற்சிப் பணியும் தந்ததும் தாளில் இருந்தனவே தவிர, நிலைய அளவில் ஒழுங்காக நடக்கவே இல்லை. அளந்து பார்த்திருக்காவிட்டால், ஆணை போட்டாகிவிட்டது, எனவே நடந்துவிட்டது என்றே உயரதிகாரிகள் நம்பியிருப்பார்கள்.

இரண்டு வழிகளையும் எடைபோடுவோம். தமிழக வழியின் பலம், அது நிலைத்தது. ஆட்சிகள் மாறியும் எந்த முதல்வரும் மகளிர் நிலையங்களை மூடவில்லை. ஒரு பெண் காவல் ஆய்வாளர் தலைமையில், பெண்களே விசாரித்து, பெண்களே குற்றப்பத்திரிகை எழுதும் நிலையம் என்பது முப்பது ஆண்டுகளில் ஊருக்குப் பழகிப்போனது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தபோது, குழந்தைகளின் வழக்குகளைக் கையில் எடுக்க இந்த நிலையங்கள் தயாராக இருந்தன. மத்தியப் பிரதேசத்து மேசையோ நிலையத்துக்குள் ஒரு மூலை. நல்ல காவல் ஆய்வாளர் மாற்றலாகிப் போனால் மேசையில் தூசி படியலாம். ஓராண்டு அளவிலான சோதனை, ஐந்தாம் ஆண்டில் அந்த மேசை எப்படி இருக்கும் என்று சொல்லாது.

மத்தியப் பிரதேச வழியின் பலம், அவர்களால் "பதிவு கூடியது, கைது கூடவில்லை" என்று சொல்ல முடிகிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள தமிழ்நாட்டால் இத்தகைய ஒரு வாக்கியத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கணிப்பில் இது பெரிய இழப்பு. நமது மகளிர் நிலையம் நல்லது என்று நம்புகிறவரும் ஊகத்தில்தான் பேசுகிறார். அது வெறும் சமாதானக் கூடம் என்று குறைசொல்கிறவரும் ஊகத்தில்தான் பேசுகிறார்.

அந்தச் சமாதானம் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மகளிர் நிலையத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பெண் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது போட்டுத் தருவார்கள். கணவனைக் கூப்பிடுவார்கள். இரண்டு வீட்டாரும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். மாமியார் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். ஏட்டம்மாவோ இன்ஸ்பெக்டரோ கவுன்சலிங் செய்வார். கடைசியில் "இனிமேல் அடிக்க மாட்டேன், குடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-ல் தீர்ப்பளித்தது. ஆனால் திருமண, குடும்பத் தகராறுகளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று இடமும் விட்டது. கவுன்சலிங் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இதைப் பார்க்கும் ஆய்வாளர், புகாரை அமுக்குகிறார்கள் என்று எழுதக்கூடும். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்டால் பதில் வேறாக இருக்கலாம். அவளுக்குக் கணவன் ஜெயிலுக்குப் போவது வேண்டாம். அடி நிற்க வேண்டும். போட்டு வந்த நகை திரும்ப வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வேண்டும். பயம் காட்ட யாராவது வேண்டும். எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை மட்டும் வெற்றியாக எடுத்துக்கொண்டால் இந்தப் பெண்ணின் விருப்பம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மத்தியப் பிரதேச ஆய்வின் மீது எனக்குள்ள மனக்குறை இங்கேதான். பதிவேடு எண்ணுவதற்கு எளிது. எனவே பதிவேடே முதன்மை அளவுகோலாகிவிடுகிறது. அதே சமயம், எழுதி வாங்கி அனுப்பியதோடு வழக்கு முடிந்தது என்று நினைக்கும் தமிழக நடைமுறையும் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை. எழுதிக்கொடுத்தவன் அடுத்த மாதம் என்ன செய்தான் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்றால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

ஆறு மாதம் கழித்து அவள் பத்திரமாக இருக்கிறாளா, அடி நின்றதா, மறுபடி புகார் கொடுக்க நேர்ந்தால் துணிவாளா? இந்த மூன்று கேள்விகளையும் அளவுகோலாக வைக்கும் ஆய்வு, இரு மாநிலங்களும் செய்ததைவிட ஒரு படி மேலே நிற்கும். அதைச் செய்யத் தாம்பரம் பகுதிக்கு இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் அமையாது.

காரணம் சொல்கிறேன். தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1-ல், சென்னை மாநகரக் காவல், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் காவல் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த 20 காவல் நிலையங்களோடு தொடங்கியது. பெயர் தாம்பரம் என்றாலும் அலுவலகம் அமைந்தது சோழிங்கநல்லூரில். அதன் எல்லையில் பழைய ரயில்வே காலனியும் உண்டு, பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும் உண்டு, நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்களின் பெரும்பாக்கமும் உண்டு, மணிமங்கலம் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. நிர்பயா நிதியில் நாடெங்கும் 10,000 காவல் நிலையங்களுக்கு மகளிர் உதவி மேசை அமைக்க மத்திய உள்துறை 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழகக் காவல் நிலையங்களுக்கும் அது வந்தது. ஆக இந்தப் பகுதியில் தனி நிலையம், தனி மேசை இரண்டும் ஒரே மண்ணில் இருக்கின்றன. போபாலுக்குப் போக வேண்டியதில்லை.

ஆள்களுக்கும் பஞ்சமில்லை. வண்டலூருக்குப் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர்பயிற்சியகம் இருக்கிறது. புதிய அதிகாரிகள் பயிற்சி பெறுவது அங்கேதான். பெருங்குடியில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம். கிழக்குத் தாம்பரத்தில், 1937 முதல் அங்கேயே இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சமூகப்பணித் துறை உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறை. வன்முறைக்கு ஆளான பெண்களோடு 2001 முதல் வேலை செய்யும் பி.சி.வி.சி. தொண்டு நிறுவனம் சென்னையில்தான் உள்ளது. ஜே-பால் அமைப்போடு தமிழக அரசு 2014-லேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. கொரோனாவுக்குப் பின் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்து வெளியிட்டார்கள். கல்வித்துறை அளக்கக் கதவைத் திறந்தது. காவல்துறை ஏன் தயங்க வேண்டும்?

தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் இல்லாமலில்லை. ஆய்வுக்குழுவின் கையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் முகவரியும் போய்ச் சேருவது ஆபத்து. கணவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒரு போன் வந்தால்கூட அவளுக்கு அடி விழலாம். ஒரு நிலையத்தில் உதவி தந்து இன்னொரு நிலையத்தில் மறுப்பதும் தவறு. எனவே எல்லா நிலையங்களுக்கும் தருவது உறுதி, யாருக்கு முதலில் என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ஒரே ஆணையரகத்தின் நிலையங்கள் மட்டும் புள்ளியியல் கணக்குக்குப் போதாது. அதே நாளில் பிறந்த ஆவடி ஆணையரகத்தையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளிர் நிலையத்துக் காவலர்களை இன்னொரு சுமையாக இந்த ஆய்வு நசுக்கக்கூடாது. திருவிழா, பொதுக்கூட்டம் என்று எந்த பந்தோபஸ்துக்கும் முதலில் கூப்பிடப்படுகிறவர்களில் அவர்களும் உண்டு. முதல்வர் செல்லும் சாலையோரங்களில் பெண் காவலரை நிறுத்த வேண்டாம் என்று 2021-ல் அறிவுறுத்தல் வந்தது அவர்கள் படும் பாட்டை மேலிடமும் உணர்ந்ததால்தான். விசாரிக்க நேரமில்லாத காவலரிடம் படிவம் நிரப்பச் சொன்னால் படிவம் மட்டுமே நிரம்பும். அந்த வேலைக்கு ஆய்வுக்குழு தன் ஆள்களை அனுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் கருத்து இது. தனி நிலையத்தை மூடி மேசைக்கு மாறுவது தவறு. தனி நிலையம் இருப்பதைக் காரணம் காட்டிப் பக்கத்து நிலையம் பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் தவறு. முதல் புகார் அவள் முதலில் நுழைந்த நிலையத்திலேயே பதிவாகி, விசாரணை மட்டும் மகளிர் நிலையத்துக்குப் போகும் ஏற்பாட்டைச் சில நிலையங்களில் முதலில் தொடங்கி, வெளியாட்கள் அளக்க, முடிவு நல்லதோ கெட்டதோ வெளியிடுவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுச் செய்து பார்க்கலாம். தாம்பரம் ஆணையரகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இதற்கு ஒரு ஒப்பந்தம் போட நிதியமைச்சரின் அறிவிப்பு தேவையில்லை; இரண்டு கையெழுத்துகள் போதும். மாநிலத்தில் அடுத்த மகளிர் காவல் நிலையம் திறப்பதற்கான அரசாணை எழுதப்படும்போது, அதனால் பெண்களுக்கு என்ன மாறியது என்று யார், எப்போது, எப்படி அளப்பார்கள் என்ற ஒரு பத்தியையும் சேர்த்து எழுதுமாறு உள்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.